வமிம்பியின் கால் கட்டைவிரல்

வமிம்பியைப் பற்றி மலையில் யாரிடம் கேட்டாலும் அவன் காப்பித் தோட்டத்தைச் சொல்ல மாட்டார்கள். மகள் நெலிமா டீச்சருக்குப் படிப்பதையும் சொல்ல மாட்டார்கள். அவனுக்குக் கத்தி வைத்த நாளைத்தான் சொல்வார்கள்.

பையன் ஆணாகும் சடங்கு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உடம்பெல்லாம் கேழ்வரகு மாவை அப்பிக்கொண்டு, தோள்மேல் குறுக்கே ஒரு கழியைப் பிடித்தபடி, ஊரே சுற்றி நிற்க, முற்றத்துச் சேற்றில் நிற்க வேண்டும். முன்தோலில் கத்தி ஓடும்போது இமைகூடத் துடிக்கக் கூடாது. அன்றைக்கு முதல் கத்தி சரியாக விழவில்லை, இன்னொரு முறை வைத்தார்கள். வமிம்பி எதிரே கிழிந்து தொங்கிய ஒரு வாழையிலையைப் பார்த்தபடியே நின்றான். அடுத்த சடங்கில் அவன் தம்பி மகோம்பேயின் முறை வந்தபோது, மகோம்பே ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்துவிட்டான். அவ்வளவுதான். தலை நரைத்த பிறகும், கேழ்வரகுக் கள்ளுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நீளக் குழாயில் உறிஞ்சும்போது யாராவது, “மகோம்பே, காலைப் பாத்து வைடா” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வேறென்ன செய்வான்?

வமிம்பிக்குக் கத்தி வைத்தபோது முன்னால் குந்தியிருந்த சிறுமிகளில் நாம்போசோவும் ஒருத்தி. பெரியவர்கள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கண்ணுக்கு நேராக இருந்தது அவனுடைய வலது கால். அதன் கட்டைவிரல் சேற்றுக்குள் முழுசாக இறங்கியதை அவள் பார்த்தாள். பிறகு அவனுக்கே வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளை பெற்று, எத்தனையோ சண்டை போட்டும், அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன காப்பி அறுவடையின்போது வமிம்பியின் கழுத்தில் கட்டி தெரிந்தது. வலிக்கவில்லை என்றான். அவன் சொன்னால் எதுவும் வலிக்காதுதான். கோழிமுட்டை அளவுக்கு வளர்ந்து, இரவில் பாய் நனைய வியர்த்து, சட்டை தொளதொளவென்று ஆன பிறகே தலைநகர் கம்பாலாவுக்குப் பேருந்து ஏறினார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதித்துவிட்டு, நிணநீர்ப் புற்று என்றார்கள். வழக்கமான மருந்துகளோடு, அந்தப் புற்றுச் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தையும் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்றார்கள்.

முதல் நாள் நர்ஸ் அகெல்லோ வந்து கட்டிலருகே நின்றாள். நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரி. கட்டைக் குரல்.

“காலையில பிரஷர் மாத்திரை போடலியே?”

“போடல சிஸ்டர். நீங்க சொன்னபடி நிறுத்தியாச்சு” என்றாள் நாம்போசோ.

“நல்லது. மருந்து ஏறும்போது பிரஷர் தானா எறங்கும், அதான். இப்ப கேளுங்க. முதல் தடவை உடம்பு இந்த மருந்தோட சண்டை போடும். குளிர் எடுத்தாலோ, அரிச்சாலோ, தொண்டை இறுக்கினாலோ, நெஞ்சு அடைச்சாலோ ஒடனே சொல்லணும். கொஞ்சம்தானேன்னு இருந்துடக் கூடாது. சொன்னா நிறுத்தி, ஊசி போட்டு, அப்புறம் மெதுவா விடுவேன். சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?”

வமிம்பி சிரித்தான். “நாங்க மலைக்காரங்க சிஸ்டர். கத்திக்கே நின்னவங்க.”

“எங்க ஊர்ல கத்தியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வலிச்சா கத்துவோம்.”

“அய்யோ, நான் உங்க ஊர்ல பொறந்திருக்கலாமே சிஸ்டர்!” என்றான் துணைக்கு வந்திருந்த மகோம்பே. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் உரக்கச் சிரித்தார். அவர் மலையின் மறுசரிவுக்காரர். மகோம்பேயின் கால் கதை அங்கேயும் போயிருந்தது.

மருந்து சொட்டத் தொடங்கியது. அகெல்லோ அவ்வப்போது வந்து பிரஷரும் காய்ச்சலும் பார்த்தாள். “எப்படி இருக்கு?” “நல்லா இருக்கேன்.” அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில்.

நாம்போசோ தற்செயலாகத்தான் நிமிர்ந்து பார்த்தாள். வமிம்பியின் கண்கள் எதிர்ச்சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடத்தில் குத்திட்டு நின்றன. இமைக்கவில்லை. அவள் பார்வை கால்மாட்டுக்கு இறங்கியது. வலது கட்டைவிரல் கட்டிலின் இரும்புக் கம்பியை அழுத்திக்கொண்டு வெளுத்திருந்தது.

“நெலிமா அப்பா, குளிருதா?” என்று குனிந்து கேட்டாள்.

“சும்மா இரு.”

மறுசரிவுக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாம்போசோ வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். என் புருஷனுக்கு நடுக்கம் வந்துவிட்டது என்று ஒரு பெண்டாட்டி ஊரறியச் சொல்வதா? கட்டைவிரல்தானே, கால் மரத்துப்போயிருக்கும். இப்படி அவள் நினைத்து முடிப்பதற்குள் கட்டில் கடகடவென்று ஆடியது. வமிம்பியின் உதடு வீங்கியிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அகெல்லோ ஓடிவந்து மருந்தை அடைத்தாள். யார் யாரோ வந்து ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நாம்போசோவைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். அங்கே நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளால் செய்ய அங்கே ஒரு வேலையும் இல்லை.

பிழைத்துக்கொண்டான். மறுநாள் மீதி மருந்தை எறும்பு ஊர்கிற மாதிரி விட்டு முடித்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அகெல்லோ, “காய்ச்சல் வந்தா விடியட்டும்னு பாக்காதீங்க, ஒடனே வாங்க” என்றாள். பிறகு நாம்போசோவிடம் தனியாக, “நான் கேட்டப்பல்லாம் நல்லா இருக்கேன்னாரேம்மா” என்றாள்.

கழுத்துக் கட்டி பாதியாகச் சுருங்கியது. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே மலைக்குச் செய்தி வந்திருந்தது. அசையாத வமிம்பி கட்டிலோடு ஆடினானாம். கள்ளுப் பானைப் பக்கம் வமிம்பி போகவில்லை. அடுத்த மருந்துக்கு நாள் நெருங்கியதும், “நான் வரல” என்றான்.

“கட்டி மறுபடி வளரும்னு டாக்டர் சொன்னாரே.”

“வளரட்டும்.”

நாம்போசோ கடலைக் குழம்பில் மூங்கில் குருத்தைப் போட்டு அவனுக்குப் பிடித்தபடி ஆக்கி வைத்தாள். தொடவில்லை. அழுதாள். அதற்கும் அவன் அசையவில்லை. கடைசியில் மகோம்பேயைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அவன் வந்து அண்ணன் தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினான். “அண்ணே, நான் காலை எடுத்து வச்சேன். ஊரே சிரிச்சுது. அப்புறமும் எனக்குச் சோறு எறங்குச்சு, பிள்ளை பொறந்துச்சு. சிரிச்சவன்ல பாதி பேரைப் பொதைச்சாச்சு.”

“உனக்குப் பழகிப்போச்சுடா.”

“பழகுறதுக்கு உசுரோட இருக்கணும்ல?”

விடிந்ததும் வமிம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

இந்த முறை மருந்து ஏறத் தொடங்கியதுமே நாம்போசோ கால்மாட்டுப் போர்வையை விலக்கினாள். “காத்து வரட்டும்” என்றாள். கட்டிலின் அந்தக் கோடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் சும்மா கிடந்தது. அகெல்லோ வந்தாள், கேட்டாள், நல்லா இருக்கேன் என்றான், போனாள். விரல் சும்மா கிடந்தது. நாம்போசோ கொட்டாவி விட்டாள். பிறகு விரல் மெல்ல வளைந்து கம்பியைத் தேடிப் பிடித்தது.

அவள் எழுந்துவிட்டாள். “சிஸ்டர்! இவருக்கு ஆரம்பிச்சிருச்சு!”

“பொய்” என்றான் வமிம்பி. “அவளுக்கென்ன தெரியும்? எனக்கு ஒண்ணுமில்ல.”

அகெல்லோ சட்டையைத் தூக்கினாள். நெஞ்சு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. மருந்தை நிறுத்தி ஊசி போட்டாள். “நல்லவேளை, சீக்கிரம் சொன்னீங்கம்மா. அடங்கினதும் பாதி வேகத்துல விடலாம்.” வார்டில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அகெல்லோ போன பிறகு வமிம்பி தணிந்த குரலில் கேட்டான். “எப்படித் தெரிஞ்சுது?”

நாம்போசோ அவன் காலைக் காட்டினாள். “கட்டைவிரல். அன்னிக்கும் அது சேத்துக்குள்ள எறங்குச்சு. நான் முன்னாலதான் உக்காந்திருந்தேன்.”

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தடிப்பு அடங்கியதும் அகெல்லோ மருந்தைத் திறந்துவிட்டாள். சொட்டு மறுபடி விழத் தொடங்கியது. வமிம்பி வலது காலை மெதுவாக உள்ளே இழுத்து, போர்வையை நன்றாக மூடிக்கொண்டான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் அகெல்லோ.

“நல்லா இருக்கேன்.”

நாம்போசோ அந்தப் போர்வையின் மேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.