சலவை அறைக்கு ஒரு பலகை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பனிக்காலம். சுவீடனிலிருந்து தங்கச்சி தன் மகளோடு மொன்றியலுக்கு வந்து சேர்ந்தாள். மச்சான் அங்கே வேலையை முடித்துக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. கோட்-டெ-நெய்ஜில் என் சின்ன வீட்டில் மூவரும் இருந்தோம். நான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மகளுக்கு, என் மருமகளுக்கு, ஒன்பது வயது. தாயிடம் மட்டும் மெல்லிய குரலில் சுவீடிஷில் ஏதாவது சொல்வாள். தமிழ் தெரியும், ஆனாலும் மற்ற எவருக்கும் தலையாட்டல்தான். பிரெஞ்சு பழக்குகிற வகுப்பிலும் அதே தலையாட்டல். ஈஸ்டருக்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால் பேச்சு வராத பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்ற வேண்டிவரும் என்று டீச்சர் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சும்மாவே பயந்தவன். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி ஓடிவந்து பார்க்கிற ஆள்.

மேல்மாடி அக்கா தங்கச்சிக்கு ஒரு வைத்தியம் சொன்னா.

"அந்தப் பாஷையை வீட்டில நிப்பாட்டு பிள்ளை. பழசு வெளிய போனாத்தானே புதுசு உள்ள வரும்?"

தங்கச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் இனிச் சுவீடிஷ் கூடாது என்று சட்டம். பிள்ளை அந்த மெல்லிய குரலையும் மூடிவிட்டாள்.

சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கிற வேலை என்னுடையது. கட்டடத்தின் அடியில், கொதிகலனுக்குப் பக்கத்தில், நாலைந்து மெசின்கள் நிற்கும் ஓர் அறை. மருமகளும் சவர்க்காரத்தூள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். முதல்நாள் அந்த அறை வாசலில் நின்று, சுற்றிப் பார்த்து, தனக்குத்தானே சொன்னாள்:

"த்வெத்ஸ்டூகா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னனீ?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்ச அம்மா இல்லை. சொல்லு."

த்வெத் என்றால் தோய்த்தல், ஸ்டூகா என்றால் குடில் என்று தமிழில் விளக்கினாள். தோய்க்கிற குடில். கட்டடத்துக்கு அடியில் போய்க் குடிலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை நானே கேட்டேன், வேறு என்ன சொல்லெல்லாம் இருக்கிறது என்று. அவளுடைய ஊரில் ரயில் பெட்டிகளைக் கொளுவிக்கொண்டே போவதுபோலச் சொல்லைக் கொளுவிக்கொண்டு போகலாம். வருத்தம், அதாவது நோய், ஒரு சொல், வீடு ஒரு சொல், இரண்டும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி. துப்புரவாக்குவது 'ஸ்டேடா'. அதன் வாலில் 'ரே' ஒட்டினால் அதைச் செய்கிற ஆள். எல்லாவற்றையும் கொளுவி, என் நெஞ்சில் விரலால் குத்தி, "ஹூக்ஹூஸ்ஸ்டேடாரே" என்றாள். ஒரே மூச்சில் நான், என் வேலை, வேலைத்தலம், படுத்திருக்கிற நோயாளி எல்லாம் அடங்கிவிட்டது. அன்று முழுக்க அதை முணுமுணுத்துக்கொண்டு நிலம் துடைத்தேன்.

சில பொருத்துகளில் ஒரு 'ஸ்' வரும், சிலதில் வராது. ஏன் என்றால் அவளுக்குத் தெரியாது. மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை. நடுவில் அந்த 'க்' ஏன் வந்தது என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாதே. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வாய்க்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் படியேறி வரும்போது பயமும் கூடவே ஏறிவரும். பழசு வெளியே போகவேண்டிய நேரத்தில் நான் உள்ளே அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கிறேனே!

ஒரு சனிக்கிழமை தோய்க்கப் போட்டுவிட்டு நாங்கள் திரும்பக் கீழே போனபோது, எங்கள் ஈர உடுப்பெல்லாம் மெசினுக்கு மேலே குவிந்து கிடந்தது. அடுத்த வீட்டு வயதான பிரெஞ்சுக்கார மதாம் தன்னுடையதைப் போட்டு ஓடவிட்டிருந்தா. இங்கே எல்லாரும் செய்கிற வேலைதான். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, இது எங்கட நேரம். அவ எப்பிடி எடுக்கலாம்?"

சுவீடனில் சலவை அறை வாசலில் ஒரு பலகை இருக்குமாம். அதில் நேரம் பதிந்தால் அந்த நேரம் நமது. ராசா வந்தாலும் காத்திருக்க வேண்டும். அதன் பெயரையும் சொன்னாள்: "த்வெத்ஸ்டூகேபூக்னிங்ஸ்தாவ்லா." தோய்க்கிற குடிலில் நேரம் பதிகிற பலகை. பதிகிறதுக்கு 'பூகா', அதைப் 'பூக்னிங்' ஆக்கி, ஒரு 'ஸ்' பசை தடவி, பலகையை ஒட்டியாயிற்று.

"இஞ்சயும் ஒண்டு செய்து கொளுவுவம் மாமா."

"செய்யலாம். ஆனா மதாமுக்குச் சுவீடிஷ் விளங்காதே. பிரெஞ்சில எல்லோ எழுதவேணும்."

"பிரெஞ்சில என்னண்டு?"

"எனக்குத் தெரிஞ்சது பொன்ஜூர், மெர்சி, தரை ஈரம். டீச்சரைத்தான் கேக்கவேணும்."

முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கீழேயும் பேசவில்லை. மிச்சமிருந்த ஒரு வாசலையும் நானே அடைத்துவிட்டேன் என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் டெலிபோன். டீச்சர். தங்கச்சி இங்கிலீஷில் "யெஸ், யெஸ்" என்றபடி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"மாத்தப் போகினமோ?" என்றேன்.

"இவள் கை உயர்த்திக் கேட்டவளாம் அண்ணா. சலவை அறைக்கு நேரம் பதியிற பலகையைப் பிரெஞ்சில எப்பிடிச் சொல்லுறதெண்டு. தெரிஞ்ச நாலு சொல்லையும் கையையும் வச்சுக் கேட்டவளாம். டீச்சருக்கு விளங்கவே கனநேரம் எடுத்ததாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "அதென்ன பலகை?"

சொன்னேன், எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மகளைப் பார்த்து அந்த நீளச் சொல்லை ஒருதரம் முழுதாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சட்டம் போட்டபின் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சுவீடிஷ் அதுதான். வகுப்பு மாற்றுகிற கதை அதோடு நின்றது.

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி மட்டையில் எழுதிக் கொளுவினோம். தாப்லோ த ரெசெர்வாசியோன் த லா சால் த லவாஜ்.

"பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில ஒரு 'த' போடினம் மாமா. எவ்வளவு இடம்!"

அடுத்த சனிக்கிழமை மதாம் பலகைக்கு முன்னால் நின்று மருமகளிடம் ஏதோ கேட்டா. அவளும் ஏதோ சொன்னாள். மதாம் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

"என்ன கேட்டவ?"

"எங்கட நேரத்தைத் தனக்குத் தரட்டாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"நோன் எண்டு."

நான் படி வரைக்கும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மதாம் அடுத்த வீடு அல்லவா?