பேரிக்காய்க் கரைப் புடவை

தம்பி மகள் கோமதிக்கு முகூர்த்தப் புடவை எடுக்க இன்று கடைக்குப் போயிருந்தோம். குங்குமச் சிவப்பில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வேறெதையும் பார்க்க மறுத்துவிட்டாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரையைப் பார்த்தேன். அதில் நெய்திருந்த மாங்காய்களுக்கு மூக்கு வளையவே இல்லை. அடி பருத்து, கழுத்து சிறுத்து, நேராக நின்றன. கான்வென்ட்டில் மதர் ஒரு வாரம் முழுக்க எங்களைப் பேரிக்காய் வரைய வைத்தவர். எனக்குத் தெரியாதா?

“இது மாங்கா இல்ல, பேரிக்கா” என்றேன்.

கடைக்காரர் நெளிந்தார். “தறியில டிசைன் அட்டை கோக்கறப்போ பிசகிப்போச்சும்மா. யாரு இவ்ளோ உத்துப் பாக்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேன். வேண்டாம்.”

கோமதியின் கண் கலங்கிவிட்டது. “கட்டிக்கப் போறது நான்தானே அத்தை?”

நான் பதில் சொல்வதற்குள், செவிலிமேட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்து விரிப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா டிசைன்பா அது? புதுசா இருக்குதே!”

“பேரிக்கா பார்டரும்மா! ஊர்லயே ஒண்ணுதான் இருக்குது” என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

அந்த அம்மாளின் கை நீண்டது. நான் முந்திக்கொண்டு புடவையைப் பற்றினேன். “இது எங்க பொண்ணுக்கு எடுத்தாச்சு.”

வழி நெடுகக் கோமதி சிரித்துக்கொண்டே வந்தாள்.

உங்களில் யார் பீரோவிலாவது இதே கரை இருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். கோமதிக்குத் தெரிய வேண்டாம்.