மூன்று சீல் குத்திய கடிதம்

1. துணி வண்டில்

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் முதல் நாள் வேலைக்குப் போனபோது என் கையில் ஒரு துணி வண்டிலைத் தந்தார்கள். நான்கு மாடிகளிலும் அழுக்குத் துணியைச் சேர்த்து, நிலக்கீழ் அறையில் இருந்த லோன்ட்ரிக்குக் கொண்டு போக வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர்ப் பட்டி ஒன்றும் கிடைத்தது. அதில் முழுப் பெயருக்கு இடம் போதாதாம். புவனேஸ்வரி அன்றைக்கு 'புவா' ஆனாள்.

யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்க மருத்துவமாது. பதினான்கு வருடச் சேவை. அங்கே என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் நான் மிஸி. சண்டை தொடங்கிய பிறகு டொக்டர் இல்லாத நாட்கள்தான் அதிகம். பதுங்குகுழிக்குள் இருந்து பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வண்டில் தள்ளினேன். அழுதுகொண்டு தள்ளினேன் என்று நினைக்க வேண்டாம், கோபத்தோடு தள்ளினேன். கோபமும் வீம்பும் எனக்குக் கூடப் பிறந்தவை. இந்தக் கதைக்கு அவை இரண்டும் தேவைப்படும்.

அங்கே சமையலறையில் ஒரு பிலிப்பினோப் பெண் வேலை செய்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லிஃப்ற் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டிலை விட்டுவிட்டுப் போய் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளையின் தலை கீழே திரும்பாமல் மேலே இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மேற்பார்வைக்காரி ஓடி வந்தாள்.

"புவா, கையை எடு! நீ லோன்ட்ரி."

கையை எடுத்தேன். அவள் சொன்னதில் பிழையில்லை. கனடாச் சட்டப்படி நான் லோன்ட்ரிதான். அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, படிக்கப் போவது என்று முடிவெடுத்தேன். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

2. கவுண்டர்

மருத்துவமாதுகளுக்கான பட்டப்படிப்பு ஒன்டாரியோவில் அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகத்தில் லிண்டா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். என் சான்றிதழ்கள் எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "நீங்கள் மெச்சுவர் ஸ்ருடன்ற், வேலை அனுபவத்தோடு படிக்க வருகிறவர். உங்கள் வேலைதான் உங்கள் தகுதி. உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று சொல்லி ஒரு படிவத்தைத் தந்தாள்.

என் வேலையைப் பார்த்தவர் என்றால் அது இராசமணி மிஸிதான். எனக்கு மேலதிகாரி. எங்கள் பகுதி மருத்துவமாதுகள் எல்லாரும் அவரைப் பெரிய மிஸி என்போம். அறுபது தாண்டி ஓய்வு பெற்றிருந்தார், கோண்டாவிலில் மகள் மலரோடு இருந்தார். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் கடிதம் கொடுத்துவிட வேண்டும். அங்கிருந்து அது கை மாறிக் கை மாறிப் போகும். போய்ச் சேர இரண்டு மாதமும் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம்.

எழுதினேன். ஐந்தாம் மாதம் பதில் வந்தது.

3. நீல மை

கோடு போட்ட கொப்பித் தாள் இரண்டு. நீல மையில் மிஸியின் சாய்ந்த கையெழுத்து. அந்தக் காலத்துப் படிப்பு, நல்ல ஆங்கிலம். நான் எந்த வருடம் சேர்ந்தேன், என்னென்ன செய்தேன் என்று எழுதிவிட்டு, ஒரு சம்பவத்தையும் சேர்த்திருந்தார். ஒருமுறை ஷெல் அடி நடக்கும்போது பதுங்குகுழிக்குள் ஒரு பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். "நான் மேலதிகாரி. ஆனால் என் கைகள் நடுங்கின. புவனேஸ்வரி என்னைப் பார்த்து, நீங்கள் இருங்கோ மிஸி, நான் பார்க்கிறன் என்றாள். நான் இருந்தேன். அவள் பார்த்தாள். தாயும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள்." கீழே கையொப்பம். அவ்வளவுதான்.

வாசித்து அழுதேன். அழுது முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். சீல் இல்லை.

எங்கள் ஊரில் சீல் இல்லாமல் எது நடந்தது? பிறப்புப் பதிவுக்குச் சீல், கூப்பனுக்குச் சீல், ஊரை விட்டு வெளியே போகும் பாஸுக்குச் சீல். சோதனைச் சென்றியில் ஆமிக்காரன் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டான், சீலைத்தான் பார்ப்பான். அது தெளிவாக விழாததால் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வராமலே போனவர்களையும் தெரியும்.

கணவர் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து வைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"இஞ்சேரும், இதிலை சீல் எண்டு ஒரு இடத்திலையும் போடேல்லை. கடிதம் எண்டுதான் கிடக்கு. உதைக் கொண்டுபோய்க் குடுமன்."

"உங்களுக்கு உதெல்லாம் விளங்காது. நான் கவுண்மேந்திலை பதினாலு வருசம் இருந்தனான். சீல் இல்லாத கடதாசியிலை மீன்தான் சுத்தலாம்."

"சரி, அந்த லிண்டாவுக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துக் கேளுமன். ரெண்டு நிமிசம்."

"கேட்டால், இவளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைப்பினம்."

லோன்ட்ரியில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். பல்கலைக்கழகமும் நினைக்க வேண்டாம் என்று இருந்தேன். இரண்டு நிமிடக் கேள்வியை விட ஆறு மாதக் காத்திருப்பு எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்த வருட விண்ணப்பத்துக்கான நாளைப் போக விட்டேன். மிஸிக்கு எழுதினேன்: "மிஸி, சீல் இல்லாமல் இஞ்சை ஏற்க மாட்டினமாம். கந்தோர் தலைப்புக் கடதாசியிலை, சீலோடை ஒரு கடிதம் எடுத்துத் தருவியளோ?"

'மாட்டினமாம்' என்று எழுதினேன். யாரோ எனக்குச் சொன்னது போல. ஒருவரும் சொல்லவில்லை.

4. வல்லை வெளி

அடுத்த கடிதம் மலரிடமிருந்து வந்தது. கொழும்பில் முத்திரை ஒட்டிய பெரிய உறை. நான் லோன்ட்ரிக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சப்பாத்தோடு நின்றபடியே வாசித்தேன்.

சுகாதாரக் கந்தோர், நாங்கள் வேலை செய்த அலுவலகம், அப்போது வடமராட்சிப் பக்கம் மாறிப் போயிருந்தது. சீலும் அங்கேதான். பெற்றோல் இல்லாத காலம், அம்மா சைக்கிளில் போனவ என்று மலர் எழுதியிருந்தாள். "வேண்டாமெண்டு மறிச்சனான் அக்கா. புவனேஸ் படிக்கவெல்லோ கேக்கிறாள், ஒரு சீல் எடுத்துக் குடுக்க மாட்டனோ எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவ." போய்ச் சேர்ந்து, பழைய கிளாக்கரைப் பிடித்து, கடிதத்தைத் தட்டச்சு செய்வித்து, சீலும் குத்தி வாங்கிவிட்டார். திரும்பும் வழியில் வல்லை வெளியில் ஷெல் விழுந்தது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடம் அது. மிஸி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். கைப்பைக்குள் இருந்த கடிதத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கடிதம் உறைக்குள் இருந்தது. ஊதா நிறத்தில், மும்மொழியிலும் எழுதிய நீள்வட்டச் சீல். கந்தோரில் காத்திருந்த நேரத்தில் எழுதியிருக்க வேண்டும், கூடவே மிஸி ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருந்தார்.

"பிள்ளை, நீ கேட்டபடி சீல் எடுத்திட்டன். ஒண்டு காணாதெண்டு மூண்டு இடத்திலை குத்துவிச்சனான். இனி ஒருத்தரும் குறை சொல்லேலாது. நல்லாப் படி."

அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கணவர் ஒரு வார்த்தைகூட "நான் சொன்னனானெல்லோ" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

5. மறுபடியும் கவுண்டர்

படிக்கும் ஆசை விட்டுப் போயிருந்தது. ஆனால் ஒரு உயிரை விலையாகக் கொடுத்து வந்த கடிதத்தை அலுமாரியில் வைத்திருக்கவும் முடியவில்லை. அடுத்த விண்ணப்பக் காலத்தில் இரண்டு கடிதங்களையும் ஒரே கோவையில் வைத்து எடுத்துப் போனேன்.

சீல் குத்திய கடிதத்தை முதலில் நீட்டினேன். லிண்டா வாசித்தாள். 'இந்தக் காலப் பகுதியில் திருப்திகரமாகக் கடமையாற்றினார் என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கந்தோர்க் கடிதம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அவள் அதைப் பிரதி எடுத்தாள். மெஷினில் இருந்து வந்த தாளில் மூன்று சீல்களும் சாம்பல் நிறத்தில் மூன்று அழுக்காகத் தெரிந்தன. மூலத்தை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"அது என்ன, கோவைக்குள் இன்னொன்று?"

கொப்பித் தாள்களைக் கொடுத்தேன். அவற்றை அவள் நின்றபடி வாசிக்கத் தொடங்கினாள், பாதியில் உட்கார்ந்தாள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுதான் எங்களுக்கு வேண்டிய கடிதம். இதில் நீங்கள் யார் என்று தெரிகிறது." பிறகு திகதியைப் பார்த்தாள். "இது போன வருடம் எழுதியதல்லவா? அப்போதே ஏன் கொண்டு வரவில்லை?"

"தபால் பிந்திவிட்டது" என்று பொய் சொன்னேன்.

"மற்றக் கடிதத்தில் இருக்கிற சீல்..." என்று இழுத்தேன். அது அவளுக்கு விளங்கவே இல்லை.

"சீலா? அது எங்களுக்குத் தேவையில்லையே" என்றாள் சிரித்த முகத்தோடு. நல்ல பெண். எதைச் சொல்கிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆறாவது வாரம் அனுமதிக் கடிதம் வந்தது. அதிலும் சீல் இல்லை. அடியில் ஒரு கையொப்பம் மட்டும்.

6. சொல்லாமல் விட்டது

பட்டம் பெற்றேன். இருபது வருடத்துக்கு மேல் ஸ்காபரோவில் மருத்துவமாதுவாக வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றேன். வயிற்றில் கை வைத்தபோது கையை எடு என்று பிறகு ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சந்தோசம் உண்மையானது. ஆனால் முழுதாக அனுபவிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வேறு நாட்டில் உழைத்த அனுபவத்தோடு இங்கே மறுபடி படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிவத்தில் இருப்பதை நம்புங்கள். அதில் இல்லாததை உங்கள் ஊர்ப் பயத்திலிருந்து எடுத்துச் சேர்க்காதீர்கள். விளங்காவிட்டால் வாய் திறந்து கேளுங்கள். ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மலர் பிறகு கனடாவுக்கு வந்து இப்போது யூனியன்வில்லில் குடும்பமாக இருக்கிறாள். வந்த புதிதில் என்னிடம் கேட்டாள், "அக்கா, அம்மா குடுத்த கடிதம் உதவினதோ?" "ஓம், அதாலைதான் இடம் கிடைச்சது" என்றேன். எந்தக் கடிதம் என்று சொல்லவில்லை. சீல் குத்திய கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். அதைக் கண்ணாடி போட்டு, தாயின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

ஒவ்வொரு வருடமும் மிஸியின் திதிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். வந்தவர்களுக்கு அதைக் காட்டி, "இந்தக் கடிதத்தாலைதான் அக்கா இண்டைக்கு மிஸியா இருக்கிறா. அம்மாவின்ரை உயிர் சும்மா போகேல்லை" என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன்.

அந்தக் கடிதம் இல்லை, மலர். அதற்கு முதலே, வீட்டில் இருந்தபடியே, கொப்பித் தாளில் அம்மா எழுதிய கடிதம். அதுவே போதுமாயிருந்தது. சீலை இந்த நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.