ஓம் மட்டும் தெரிந்தவர்

பாரிஸில், எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா சப்பலில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வருவார். மடிப்புக் கலையாத நீலக் கோட்டு, எவரையும் நோகடிக்காத சிரிப்பு. ஆளுங்கட்சிக்குள் தான் ஒரு மிதவாதி என்று மறக்காமல் சொல்லுவார். எங்களிடம் அவர் கற்ற ஒரே தமிழ்ச் சொல், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’. உறைப்புக் கூட்டவா என்றாலும் ஓம், குறைக்கவா என்றாலும் ஓம்.

தூரத்துப் போர் ஒன்றுக்குப் படை அனுப்பும் தீர்மானம் வந்தபோது, ஷெல்லடியில் ஒரு காது செவிடான எங்கள் முதலாளி அண்ணை அவரைக் கேட்டார்: “எதிர்த்துத்தானே வாக்குப் போடுவியள்?” நான் பிரெஞ்சில் சொன்னேன். நெஞ்சில் கை வைத்து, “ஓம்” என்றார். அண்ணை தன் கையாலேயே அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

ஆதரித்து வாக்களித்துவிட்டு, அடுத்த வாரமே கூச்சமில்லாமல் ரோல்ஸ் தின்ன வந்தார். மனம் எதிர்த்ததாம், கட்சியை மீற முடியவில்லையாம்.

“‘இல்லை’ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்” என்றார் அண்ணை. அதையும் மொழிபெயர்த்தேன்.

“இ... இல்...” என்று திணறியவர், தமிழ் கடினமான மொழி என்று சிரித்தார்.

இன்னொரு ரோல்ஸ் வைக்கவா என்று கேட்டேன்.

“ஓம்.”

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டான்.