மூன்று கிட்டார், ஒரு கீபோர்டு, என் காது

போன ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில்! பின்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

யார் நிற்க வைத்தது என்கிறீர்களா? நானேதான் போய் நின்றேன்.

உங்களில் பலருக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். மிச்ச நேரத்தில், பால்சாமி அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். இருபத்தாறு வருஷமாக. பேஸ் கிட்டார் என்றால்... பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று ஒன்று நடந்துகொண்டே இருக்குமே, அது. இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டு காலில்லாமல் நிற்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சேத்தூர்க் கச்சேரியில் அந்த நம்பிக்கைக்கு ஆபத்து வந்தது.

அன்று என் பைக் பஞ்சர். மேடைக்குப் போய்ச் சேரும்போது நாலு பாட்டு முடிந்துவிட்டது. எங்கள் கீபோர்டு கலைஞர் வனஜா — பள்ளிக்கூட டீச்சர், கெட்டிக்காரப் பெண் — இடது கையாலேயே பேஸையும் வாசித்துச் சமாளித்திருக்கிறார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதை அண்ணாச்சி கவனித்துவிட்டார்.

"ஏலே கணேசா, தப்பா எடுத்துக்கிடாத. வனஜா கையிலயே பேஸ் வந்துருதுல்ல? பொறவு எதுக்கு அம்புட்டுப் பெரிய ஆம்ப்ளிஃபயரு, கிட்டாரு, வேன்ல ஒரு சீட்டு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மேடை இல்லாவிட்டால் நான் யார்? போல்ட்டும் பேரிங்கும் எண்ணிக் கொடுக்கிற ஆள். அவ்வளவுதான்.

பயம் வந்தால் மனுஷனுக்கு ரோஷமும் கூடவே வந்துவிடுகிறது இல்லையா?

"கீபோர்டு பேஸும் கிட்டார் பேஸும் ஒண்ணா அண்ணாச்சி? கண்ணை மூடிட்டு நூறு தடவ கேட்டாலும் பிரிச்சுச் சொல்லுவேன்!"

"அப்ப சொல்லு. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மாடிக்கு வா. நீ சரியாச் சொல்லிட்டா கிட்டாரு இருக்கட்டும். தப்பாச் சொல்லிட்டா வனஜாவே பாத்துக்கிடட்டும்."

அந்த வாரம் எனக்குக் கவலையெல்லாம் கம்பி மேல்தான். பேஸ் கம்பி வாசிக்க வாசிக்க மழுங்கிப்போகும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. கம்பிகளைக் கழற்றி, சோடா உப்பு போட்ட தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, துடைத்துக் காயவைத்து மாட்டினால் அழுக்கெல்லாம் கழன்று மறுபடி கணீர் என்று பேசும். இந்தத் தடவை பேசவில்லை. இரண்டாம் முறை கொதிக்க வைத்தேன். மூன்றாம் முறையும் வைத்தேன்.

"இட்லிச் சட்டியில கம்பிய அவிக்கிற மனுசன் இந்த ராஜபாளையத்துல நீங்க ஒருத்தர்தான்" என்றாள் சாந்தி. என் மனைவி.

மதுரைக்குப் போய்ப் புதுச் செட் வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் மந்தம். டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஞாயிறு வந்தது. மூன்று பேஸ் கிட்டார்கள். ஒன்று என்னுடையது. உருண்டையான, தடித்த சத்தம். இரண்டாவது, அண்ணாச்சி வீட்டில் கிடக்கும் பழசு. அது கொஞ்சம் மூக்கால் பேசும். மூன்றாவது, பேட்டரி போட்ட ஐந்து கம்பிக் கிட்டார். விரல் பட்டாலே சுள்ளென்று கேட்கும். மூன்றிலும் ஒரே வரியை நான் வாசித்தேன். அதே வரியை வனஜா கீபோர்டில் வாசித்தார். எல்லாவற்றையும் பதிவு செய்தவர், மேடையில் எங்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர்காரர் முத்துராஜ். சேத்தூர்க்காரர். வரிசையைக் கலைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

முதல் வரி... தும், தும், துதும்.

இரண்டாவது... தும், தும், துதும்.

மூன்றாவது ஓடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எங்கே அந்த மூக்குச் சத்தம்? எங்கே விரல் கம்பியில் உரசும் சத்தம்? நான்காவதும் ஓடி நின்றது. நாலும் ஒன்றாகத்தான் கேட்டது! சத்தியமாக ஒன்றாகத்தான் கேட்டது.

"செத்த நேரம் கொடுங்க" என்றேன். முத்துராஜ் மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான்.

"என்னலே, எது கீபோர்டு?" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டாவது" என்றேன். குரலில் மட்டும் தைரியத்தைக் கூட்டிக்கொண்டேன்.

முத்துராஜ் சீட்டைப் பிரிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வனஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் அண்ணாச்சி" என்றார் முத்துராஜ்.

அண்ணாச்சி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "எனக்கு நாலும் நாலு மாதிரி கேட்டுச்சு, எது எதுன்னுதான் தெரியல. ஒன் காது காதுதாம்லே! நீயே வாசி." அவருக்கு நாலும் வேறு வேறாகக் கேட்டிருக்கிறது! வனஜா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வாசித்தது எது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மாடிப்படியில் முத்துராஜைப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலாவதுதாண்ணே கீபோர்டு. நீங்க சொன்ன ரெண்டாவது... ஒங்க கிட்டாரு."

என் கிட்டார். மூன்று முறை அவித்து, மதுரைக் கம்பி மாட்டிய என் சொந்தக் கிட்டார்!

"எதுக்குப் பொய் சொன்னீய?"

"கோவப்படாதீய அண்ணே. ஆறு மாசமா சவுண்டு செக்ல நீங்க ட்ரெபிளை, அந்தக் கூர்ச் சத்தத்தை, கூட்டிக்கிட்டே போறீய. நான் இந்தப் பக்கம் மிக்ஸர்ல கொறைச்சுக்கிட்டே வாரேன். இல்லன்னா மைதானத்துக்கே காது கூசும். கம்பியில ஒண்ணும் இல்லண்ணே. டாக்டர்ட்ட காதைக் காட்டுங்க."

அசிங்கமாக இருந்தது. ஆறு மாதமாக ஒருவர் சத்தமில்லாமல் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறார், நான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ராஜபாளையத்தில் காது டாக்டரைப் பார்த்தேன். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் பட்டனை வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தேன். தடித்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். மெல்லிய, கூர்மையான சத்தம்தான் போய்விட்டதாம். "ட்ரம்ஸ் பக்கத்துல எம்புட்டு வருஷமா நிக்கீய?" என்று கேட்டார் டாக்டர்.

அதாவது எனக்கு பேஸ் கேட்கும். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் உள்ள வித்தியாசம் கேட்காது. அந்த வித்தியாசமெல்லாம் மேல் சத்தத்தில்தான் இருக்கிறதாம்.

இந்தப் பக்கத்திலேயே சில வாரங்களுக்கு முன், 'இப்போது வரும் பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது' என்று நீட்டி முழக்கி எழுதினேன். நீங்களும் 'ஆமாம் ஆமாம்' என்று கடிதம் போட்டீர்கள். என் வயசுக்காரர்களே... எதற்கும் ஒருமுறை காதைக் காட்டிவிடுங்கள். எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டது என்று சலித்துக்கொள்ளும்போது, கோளாறு எந்தப் பக்கம் என்று நாம் பார்ப்பதே இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை வன்னியம்பட்டியில் கோயில் பொங்கல் கச்சேரி. வனஜா கைக்குப் போக வேண்டிய பேஸை, தப்பாகச் சொல்லிவிட்டு நான் வாசிக்கப்போகிறேன். அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் இரண்டு தடவை வில்லிபுத்தூர் போனேன். இரண்டு தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் அவர் இந்தப் பக்கத்தை வாராவாரம் டீக்கடையில் நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுபவர்.

அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி, நாலாவதுதான் கீபோர்டு. நான் சொன்னது தப்பு. முத்துராஜை ஒன்றும் சொல்லாதீர்கள், அவர் எனக்காகச் சொன்னது. வெள்ளிக்கிழமை வேனில் நான் ஏறுவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். பேஸ் இனி வனஜாவுக்குத்தான் என்றாலும் சரி.

போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன் — ரிங்டோன் சத்தத்தை முழுசாகக் கூட்டி!