மலர் அக்காவின் பல்லுச் சில்லு

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் களஞ்சியக் கதவைத் திறந்தேன். நாற்பது பூசணிப் பேய்களும் ஒரே இரவில் கிழடாகிப் போயிருந்தன. திங்கட்கிழமை நான் வெட்டிய வாய்கள் உள்ளே மடிந்து பொக்கை வாய்களாகியிருந்தன. கண்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பலகைகளில் இருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்காட்சி.

தொண்ணூறுகளின் கடைசி அது. சுவிஸில், ஆரா நகரில் இருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு பண்ணையில் வேலை செய்தேன். முதலாளி லூஷர் அம்மா. கணவர் இறந்த பிறகு உருளைக்கிழங்கையும் மாடுகளையும் தனியாகப் பார்த்து வந்தவர். பூசணியில் பேய் முகம் வெட்டி விளக்கு வைக்கும் ஹலோவீன் அப்போது அந்தப் பக்கத்துக்குப் புதிது. அமெரிக்கப் படங்களில் பார்த்ததோடு சரி. லூஷர் அம்மா துணிந்து இரண்டு ஏக்கரில் பூசணி போட்டுவிட்டு, “செதுக்கின பூசணி நாற்பது வைச்சால் சனம் வரும், மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போகும்” என்று கணக்குப் போட்டிருந்தார்.

பெர்ன் பக்கத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்படும்போது என்னிடம் அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“சிவம், நான் வெள்ளி பின்னேரம்தான் வருவன். வருசம் முழுக்க நிக்கிற மாதிரி ஒரு ஆள் எடுக்கப் போறன். ஒரே ஒரு இடம்தான் இருக்கு. கண்காட்சியைச் செய்து காட்டுற ஆளுக்குத்தான் அது.”

அந்த இடம் எனக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு, டோஹா, கிழக்கு பெர்லின் என்று அலைந்து வந்து சேர்ந்தவன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஆனால் என் கையில் இருந்தது எஃப் பெர்மிற், தற்காலிக அனுமதி. அதை வைத்துக்கொண்டு கன்ரோனை, அதாவது அந்த மாநிலத்தை, விட்டு நகர முடியாது. லோசானில் தம்பி இருந்தான். விருந்தாளியாகப் போய் வரலாம், அங்கே குடியிருக்க முடியாது. நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று இருந்தால் பி பெர்மிற் என்ற வதிவிட அனுமதிக்கு எழுதிப் பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஊர் ஊராகத் திரிவதற்காக ஓரிடத்தில் நிரந்தரமாக நிற்க வேண்டிய நிலை.

என்ன செய்தேன் என்றால்

வெட்டிய பூசணி காய்ந்துவிடும், பூஞ்சணம் பிடிக்கும் என்று பயந்தேன். சனிக்கிழமை வரை பழுதாகாமல் இருக்க என்ன வழி? மீன் பழுதாகாமல் இருக்க என்ன செய்வோமோ அதைச் செய்தேன். இரண்டு கிலோ உப்பும் ஒரு பைக்கற் மஞ்சள்தூளும் கலந்து நாற்பதுக்கும் உட்புறம் அழுத்தித் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த வேலைதான். கையெல்லாம் எரிந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். உப்பு மீனின் தண்ணீரை எடுப்பது போலப் பூசணியின் தண்ணீரையும் எடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பண்ணைத் தொலைபேசியில் மலர் அக்காவை வேலையிடத்தில் பிடித்து, கண்காட்சியையும் அந்த ஒரே இடத்தையும் பற்றிச் சொல்லி வரச் சொன்னேன். அவர் மன்னார்க்காரி. காலையில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, பின்னேரங்களில் பண்ணையில் கிழங்கு தரம் பிரிக்க வருவார். ஊரில் தையற்காரியாக இருந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். முதலாளியோடு கதைக்க வேண்டியதை என்னிடம்தான் சொல்லிவிடுவார். அவருக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஒரு மணிக்கு வந்தார். பூசணி ஒன்றுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மாதாவே! என்ன தம்பி, கருவாடோ போட்டனீர்?”

“பழுதாகாமல் இருக்கட்டும் எண்டுதான் அக்கா...”

“ஓம், பழுதாகேல்லை. தேங்காய்ப்பால் விட்டால் கறி. மிளகாய்த்தூள் மட்டும்தான் குறை.”

“பகிடி விடாதேங்கோ. எனக்கு வேலை போகப் போகுது.”

“போனது பூசணி. வேலை இன்னும் போகேல்லை. தோட்டத்திலை எத்தினை கிடக்கு?”

“ஆயிரத்துக்கு மேலை.”

“நல்லதாப் பாத்து நாற்பது கொண்டு வாரும். அடி தட்டையா இருக்க வேணும். காம்பு முறியக் கூடாது. நான் வீட்டை போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு வாறன்.”

சாமான்கள்

அவர் கொண்டு வந்த பிளாஸ்ரிக் பையில் இருந்தவை: உருளைக்கிழங்குத் தோல் சீவும் கத்தி மூன்று, மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் அச்சுப் படத்துக்கு லினோலியத் தகடு செதுக்கும் சின்ன உளிகள், ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டி, தையல் பேப்பர் ஒரு சுருள், குண்டூசிப் பெட்டி, பிறகு ஒரு பல்லுச் சில்லு. துணி வெட்டும் முன் பேப்பரில் இருந்து அடையாளம் இட உருட்டுவார்களே, கைபிடி வைத்த அந்தச் சின்னச் சக்கரம். இவற்றோடு அவருடைய இளைய மகள் கிண்டர்கார்டனில் செய்து கொண்டுவந்த, வாடிப்போன முள்ளங்கி விளக்கு ஒன்றும் இருந்தது.

சுவிஸ் பிள்ளைகள் இலையுதிர் காலத்தில் ஒருவகை உருண்டை முள்ளங்கியைக் குடைந்து, உள்ளே மெழுகுதிரி ஏற்றி, வரிசையாக ஊர்வலம் போவார்கள். எத்தனையோ வருடம் அதைத் தெருவில் பார்த்திருக்கிறேன். பார்த்தேன், அவ்வளவுதான். மலர் அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“இதிலை ஓட்டை இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப வெளிச்சம் எப்பிடி வருது? தோலை மட்டும்தான் சீவியிருக்கு. சதை அப்பிடியே நிக்குது. சதை நிண்டால் முகம் விழாது. நீர் வெட்டினது எல்லாம் ஓட்டை. ஓட்டை சுருங்கத்தான் செய்யும்.”

அவர் செய்த முறையை இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மேலே மூடி வெட்டக் கூடாது. அடியில் வட்டமாக வெட்டி விதையை எடுக்க வேண்டும். அப்போது காம்பும் தலையும் முழுதாக இருக்கும். மெழுகுதிரியைப் பலகையில் வைத்து அதன்மேல் பூசணியைக் கவிழ்த்துவிடலாம். படம் வரும் பக்கத்தை மட்டும் உள்ளிருந்து ஐஸ்கிரீம் கரண்டியால் ஒரு விரல் தடிப்புக்குச் சுரண்ட வேண்டும். மற்றப் பக்கங்களைத் தொடத் தேவையில்லை.

அடுத்தது படத்தைத் தோலில் பதிப்பது. தட்டைப் பேப்பர் உருண்டைப் பூசணியில் ஒட்டாது. நான் திங்கட்கிழமை பேப்பரைக் கசக்கி, ஒட்டி, கிழித்து, கடைசியில் பேனாவால் கோணல்மாணலாக வரைந்திருந்தேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. சட்டைக்கு மார்புப் பக்கம் துணியை மடித்து டாட் பிடிப்பது போலப் பேப்பரின் ஓரங்களில் ஐந்தாறு டாட் பிடித்துக் குண்டூசி குத்தினார். பேப்பர் பூசணியில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. பிறகு தான் அதில் வரைந்திருந்த படத்தின் கோடுகளின் மேல் பல்லுச் சில்லை உருட்டினார். பேப்பரை எடுத்தபோது தோலில் புள்ளி புள்ளியாகப் படம் முழுதாக இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“எல்லா உடம்பும் ஒண்டுதான் தம்பி. பூசணி கைதூக்கச் சொன்னால் தூக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

தோலை மெல்லிசாகச் சீவினால் வெளிச்சம் மண்நிறமாக வரும். இன்னும் ஆழமாகச் சீவினால் தேன்நிறம். கண்மணி போன்ற ஓரிரு இடத்தில் மட்டும் துளைத்தால் பளிச்சென்று வெள்ளை. மூன்று ஆழம், மூன்று நிறம். ஒரு ஆந்தையின் நெஞ்சு இறகுகளை அவர் அப்படிச் சீவி, உள்ளே விளக்கை வைத்தபோது நான் சீவிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

“என்ன பாக்கிறீர்? சீவும்.”

வெள்ளிக்கிழமை அவர் சலவை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆறரைக்கே வந்தார். பேய் முகம் பத்துப் போதும் என்றார். மிச்சத்தில் பூனை, விட்டில், மணி கட்டின மாடு, செதிள் செதிளாக ஒரு பாரை மீன். மாதா கோயில் பீடத்துணியின் ஓரப் பின்னலை அப்படியே ஒரு வெளிறிய பூசணியைச் சுற்றிச் செதுக்கினார். கோணலாக வளர்ந்த ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார், காம்பு மூக்காகிவிட்டது. சோளச் சருகைத் தலைமயிராகக் குத்தினார். அது பக்கத்துப் பண்ணைக்காரரின் மூக்கேதான். சனிக்கிழமை அவரே வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். களஞ்சியத்தில் இருந்த டிரில்லை எடுத்து, பருமன் வித்தியாசமான அலகுகளால் நட்சத்திரம் போலத் துளை போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். ஆறு பூசணி அப்படிச் செய்தேன். சுமப்பது, கழுவுவது, சுரண்டுவது எல்லாம் நான். ஐந்து மணிக்கு நாற்பதும் பலகையில் இருந்தன.

சனிக்கிழமை

களஞ்சியத்தின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கியிருந்தோம். சனம் உள்ளே வரும்போது சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தது. இரண்டடி வைத்ததும் கதை நின்றது. பீடத்துணிப் பூசணியின் முன்னால் ஒரு வயதான அம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிள்ளைகள் மாட்டுக்குப் பெயர் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் வெளியே குவித்திருந்த பூசணி பாதியாகக் குறைந்தது.

லூஷர் அம்மா எங்கள் இருவரையும் கிழங்குத் தராசுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது, சந்தோஷத்தில்.

“சிவம், இப்பிடி ஒண்டை நான் சூரிச்சிலைகூடப் பாக்கேல்லை. ஆருடைய யோசனை இது? மலரிட்டையும் கேட்டுச் சொல்லு.”

நான் மலர் அக்காவின் பக்கம் திரும்பினேன். “நல்லா இருக்காம் அக்கா” என்று மட்டும் சொன்னேன். பிறகு முதலாளியிடம் டொச்சில் சொன்னேன்: “நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யோசிச்சது. நான் வரைவன், அவ சீவுவா.”

வாயில் இருந்து அது இலகுவாக வந்தது. பி பெர்மிற்றும் லோசான் ஸ்ரேஷனும் என் கண்முன் நின்றன.

“இல்லை” என்றார் மலர் அக்கா. டொச்சில் சொன்னார்.

இருவரும் அவரைப் பார்த்தோம். எட்டு வருடம் சுவிஸ் பெண்களோடு சலவை மடித்தவர். வேற்றுமை உருபுகள் எல்லாம் விழுந்துபோன ஒரு டொச். ஆனால் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

“யோசனை நான். படம் நான். சீவினதிலையும் கூடுதலா நான். துளை போட்டது இவர், அது இவரின்ரை யோசனை. சுமந்தது இவர், சுரண்டினது இவர். முதல் நாற்பதுக்கு உப்புப் போட்டதும் இவர்.”

“உப்போ?” என்றார் லூஷர் அம்மா.

உப்புக் கதையை நானே சொல்ல வேண்டியதாயிற்று. லூஷர் அம்மா குப்பைக் குவியலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “நீ உப்புப் போட்டது பிழை இல்லை. தெரியாது, செய்தாய்” என்றார். யோசனையில் நான் பங்கு கேட்டதற்கு அப்படி ஒரு சமாதானம் சொல்லவில்லை.

மாட்டுக்கு வைக்கோல் போடப் போனபோது மலர் அக்கா பின்னால் வந்தார்.

“கோவமோ தம்பி?”

“உங்களுக்கு டொச் விளங்கும் எண்டு சொல்லேல்லையே.”

“நீர் கேக்கேல்லையே. அந்த இடம் எனக்கும் வேணுமோ எண்டும் நீர் கேக்கேல்லை. சலவை ஆவியிலை எனக்கு நெஞ்சு இழுக்குது, ரெண்டு வருசமா. நானும் அதுக்குத்தான் லீவு போட்டுக்கொண்டு வந்தனான்.”

“பேந்து ஏன் துளை என்ரை யோசனை எண்டு சொன்னனீங்கள்?”

“உம்மடை யோசனைதானே” என்றார், அதில் என்ன கேள்வி என்பது போல.

இடம் அவருக்குக் கிடைத்தது. நான் நவம்பரில் ஆராவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். பி பெர்மிற் வர இன்னும் மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் எனக்கு அவர்மேல் ஒரு நாளும் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். முதல் குளிர்காலம் முழுக்க வந்தது. ஆனால் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. அவ்வளவு அளவாக வெட்டியிருந்தார்.

பிறகு எத்தனையோ பேருக்காக டாக்டரிடமும் கன்ரோன் அலுவலகத்திலும் மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். உள்ளே போகும் முன் ஒன்று கேட்பேன்: “உங்களுக்கு என்ன வேணும், நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ.” அதைக் கேட்ட பிறகுதான் கதவைத் தட்டுவேன்.