மெழுகு மூக்கின் கீழே ஒரு கையெழுத்து

ஹோர்தான்ஸ் யாரிடமும் நல்ல பெயர் வாங்கியதில்லை. வாங்க முயன்றதும் இல்லை. பன்னிரண்டு வருஷம் பாரிஸ் மிட்டாய்க் கடைகளுக்கு மெழுகில் பீச் பழம் செய்தவள், பிறகு தோல் ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் பார்த்துப் படிக்க, மெழுகில் புண் செய்ய வந்தாள். நோயாளியின் முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்செடுத்து, அதில் மெழுகு ஊற்றுவாள். நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் வண்ணம் தீட்டுவாள். கண்ணால் பார்க்காத பரு ஒன்றைக்கூட வைத்ததில்லை. கடைசியில் மெழுகு முகத்தின் கீழே வைக்கும் வெற்றுச் சீட்டின் மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். நோய், மருந்து விவரங்களை டாக்டர் பிறகு எழுதிக்கொள்வார். அங்கே அதுதான் வழக்கம்.

சலவைக்காரி செலஸ்தீனின் மூக்கைத் தோல் காசநோய் அரித்திருந்தது. டாக்டர் கோர்போ எட்டு மாதம் தன் களிம்பைப் பூசினார். முதலில் எடுத்த மெழுகு முகத்துக்குப் பக்கத்தில் வைக்க, டாக்டர்கள் மாநாட்டுக்கு இன்னொன்று வேண்டும் என்று ஹோர்தான்ஸிடம் சொன்னார்.

“சுகமாச்சுன்னு காட்டு.”

“சுகமாகலையே டாக்டர்.”

“வர்ணம் உன் கையிலதானே இருக்கு?”

“புண்ணு அவ மூஞ்சியில இருக்கு.”

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். செலஸ்தீன் கலங்கிப் போனாள்.

“சுகம்னு நீ வரைஞ்சா நாளைக்கே கட்டிலைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. இந்த மூக்கோட போனா எவ எனக்கு அழுக்குத் துணி போடுவா?”

“வாயை மூடு. மூக்கு ஆடுது.”

புதிதாகக் கிளம்பிய புண் முடிச்சுகளைக்கூட விடாமல் ஹோர்தான்ஸ் தீட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கோர்போ அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள், முட்டாள்.

மாநாட்டன்று கண்ணாடிப் பெட்டிக்குள் சீட்டைப் படித்தாள். ‘மருந்து: டாக்டர் லவாஸின் களிம்பு. பலனில்லை.’ லவாஸ் எதிர் வார்டு டாக்டர், கோர்போவின் ஜென்ம விரோதி. அவருடைய களிம்பு செலஸ்தீன் மேல் ஒரு துளிகூடப் பட்டதில்லை. அந்தப் பொய்யின் கீழே ஹோர்தான்ஸின் கையெழுத்து, அழகாக.

மெழுகுக் கத்தியோடு செலஸ்தீனின் வார்டுக்குப் போனாள்.

“என் பேரைச் சுரண்டப் போறேன். கூடியிருக்கிற அத்தனை பேர்கிட்டயும் சொல்லப் போறேன்.”

செலஸ்தீன் சூப்பை விட்டுத் தலை நிமிரவில்லை.

“காலையில கோர்போ ஆளுங்க வந்து சொல்லிட்டாங்க. லவாஸ் கெடுத்த கேஸுன்னு எல்லாருக்கும் காட்ட நான் இங்கயே இருக்கணுமாம், எத்தனை வருஷமானாலும். போ, சுரண்டு. அப்படியே என் கட்டிலையும் சேர்த்துச் சுரண்டிடு.”

ஹோர்தான்ஸ் கத்தியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எழுதாத சீட்டில் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. அந்த ஒரு சீட்டு மட்டும் அவள் பெயரோடு அப்படியே இருந்தது.